தேவாங்குக் கூடை

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா கருணாகரன் இரண்டு கூடைகளை முறைத்துக்கொண்டு நின்றான். கூடைகளில் ஒட்டியிருந்த சீட்டு இரண்டும் மழையில் கரைந்துவிட்டன. ராயபுரம் வைத்தியருக்கு ஒரு கூடை தேவாங்கு, ஒரு கூடை காட்டு வெங்காயம் என்று ரசீது சொன்னது. எது எது என்று சொல்லவில்லை.

சீல் வைத்த கூடையை, வாங்குகிறவர் வராமல் திறக்கக் கூடாது. உயிர்ப் பிராணி செத்தாலோ குமாஸ்தாவின் சீட்டு கிழியும். அவன் வேலை நிரந்தரமாக இன்னும் பத்தே நாள்.

போர்ட்டர் ஹபீபுல்லா இரண்டையும் தூக்கிப் பார்த்தான். "ஒரே கனம் சார்."

"தட்டிப் பாரேன்."

தட்டினான். சத்தமில்லை. "தேவாங்கு பகல்ல தூங்கும் சார்."

"வெங்காயம்?"

"அதுவும்தான்."

பின்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் இரண்டிலும் பழுப்பாக ஏதோ உருண்டை.

"சுருண்டுகினு தூங்குதோ இன்னாவோ!" என்றான் ஹபீபுல்லா.

பசியில் செத்துவிடக் கூடாதே என்று கருணாகரன் இரண்டிலும் வாழைப்பழத்தைத் திணித்தான். மத்தியானத்துக்குள் எறும்பு மொய்த்தது. எறும்பு போக இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். ராத்திரி ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் ஒரு கூடை குடலைப் பிடுங்கும்படி நாறியது.

ஹபீபுல்லா மூக்கைப் பொத்திக்கொண்டான். "மௌத்தாயிடுச்சு சார்."

அந்த வாயில்லா ஜீவனை நினைத்துக் கருணாகரனுக்கு அழுகை வந்தது. வேலையை நினைத்ததும் இன்னும் நன்றாக வந்தது.

"அழுவாத சார். கூடைல உசுரோட ஒண்ணு இருந்தா போதும்ல?"

கருணாகரன் மூர் மார்க்கெட்டுக்கு ஓடினான். மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு தேவாங்கு வாங்கி வந்தான். செத்ததைப் பார்க்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாறிய கூடையின் அடிப்பின்னலை விலக்கிப் புதியதை உள்ளே விட்டுச் சணலால் தைத்தான். சீல் சீலாகவே இருந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக டீ ருசித்தது.

சாயங்காலம் வைத்தியரின் கைவண்டிக்காரன் ராசையா வந்தான்.

"தேவாங்கு பத்திரம்பா," என்றான் கருணாகரன் பெருந்தன்மையாக.

கூடையை அணைத்துத் தூக்கிய ராசையா சிரித்தான். "இன்னா சார் நீ, ரெண்டுமே வெங்காயம்தான். உசுரு கீதுன்னு எழுதலேன்னா உங்காளுங்க தூக்கிப் போட்டு நசுக்கிடறாங்கன்னு வைத்தியருதான் அப்பிடி எழுதச் சொன்னாரு... ஆமா, அப்போ என் வெரலப் புடிச்சிகினு கீறது யாரு?"