தொட்டி மாமாவின் குடித்தனக்காரர்கள்

கடலூரிலேயே மீன்களைக் குடித்தனக்காரர்களைப் போலவும், குடித்தனக்காரர்களை மீன்களைப் போலவும் நடத்திய ஒரே வீட்டுக்காரர் தொட்டி மாமாதான். மீன்களுக்கு அவர் வீட்டில் சகல மரியாதையும் உண்டு. மாடியில் குடியிருந்த எங்களுக்குச் சத்தம் போடாமல் நீந்திக்கொண்டிருக்க அனுமதி உண்டு.

2007இல் வீடு பார்க்கப் போனபோது, என்ன வேலை, எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நடந்தா அதிருமா?" என்றார்.

கூடத்தில் பீரோவைப் படுக்கப்போட்ட நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு குட்டிக் காடு. அதற்குள் நீலமும் சிவப்பும் கோடு போட்ட, விரல்நுனி அளவு நியான் டெட்ரா மீன்கள் கூட்டமாகப் போய், கூட்டமாகத் திரும்பின. மாடியில் நாற்காலியை இழுத்தால் கூட்டம் கலைந்துவிடுமாம். அன்று முதல் என் வீட்டிலேயே நான் திருடனைப் போல நடந்தேன். அலுவலகம் சிதம்பரத்தில். பஸ் ஏறி அங்கே போய்த்தான் காலை ஊன்றி நடப்பேன்.

மாமா பத்திர எழுத்தர். தொட்டியைக் காட்டும்போதும் அந்த வாடை போகாது. வடக்கே வாலிஸ்நேரியாச் செடி, தெற்கே ஜாவா ஃபெர்ன் செடி, கிழக்கே ஃபில்டர், மேற்கே சுவர், இதற்குட்பட்ட இடம் மீன்களுக்குப் பாத்தியம் என்பார். கூடையோடு வந்த மீன்கார அம்மா ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நெத்திலியே இதவிடப் பெருசு மாமா. கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. எதுக்குத்தான் ஆவும்?"

மாமா கூட்டமாகத் திரும்பிய மீன்களைக் காட்டினார். "சேந்து போவும்," என்றார்.

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

செடிகளுக்குக் கரியமில வாயு வேண்டுமென்று, பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்துப் புளிக்கவைத்து, குழாய் வழியே தொட்டிக்குள் விட்டார். வாசனை தெருவுக்குப் போனது. மாமா சாராயம் இறக்குகிறார் என்று பேச்சு கிளம்பி, சிலர் விலை விசாரிக்க வந்தார்கள். இல்லை என்றதும், வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று கோபித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை, தொட்டியில் வைக்கக் கிள்ளை உப்பங்கழிப் பக்கம் பொறுக்கிவந்த வேர்க்கட்டையை உப்புப் போகவேண்டுமென்று அண்டாவில் போட்டுப் பகல் முழுக்க வேகவைத்தார். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். அத்தை மாடியைப் பார்த்து, "சாப்புட வாங்க, இன்னிக்கி எங்க வூட்ல கட்டக் கொழம்பு," என்றார்.

பிறகு, 2011 கடைசியில், 'தானே' புயல் வந்தது. ஊரில் நின்றதெல்லாம் படுத்தது. போன கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. ஃபில்டரும் விளக்கும் நின்றுபோயின. காற்றுக் கலக்கவேண்டுமென்று மாமா தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, டீ மாஸ்டரைப் போல உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே இருந்தார். அவர் கை ஓய்ந்தால் அத்தை ஆற்றினார்.

ஒரு காலையில் மாமா மாடி ஏறி வந்தார். அதுவரை வாடகைக்குக்கூட வந்ததில்லை.

"மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. வெளிச்சம் இல்லாம செடியும் மூச்சு வுடல. கொஞ்சம் செத்துப்போச்சு. ஒங்க டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியக் கழட்டித் தருவீங்களா?"

வாசல் வேப்பமரம் சாய்ந்ததில் தெருவில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணாடியில் வாங்கிக் கூடத்துக்குள் திருப்புவது அவர் யோசனை. ஊரே தண்ணீர் தேடும்போது இவர் மீனுக்கு வெயில் தேடுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே என் மனைவி திருகாணியைக் கழற்றினாள்.

நடுத்தெருவில் நாற்காலி போட்டு, கண்ணாடியை மடியில் நிறுத்தி உட்கார்ந்தேன். சூரியன் நகர நகர நானும் நகர்ந்தேன். இரண்டு பட்டம் வாங்கியதற்கு இப்படி ஒரு உத்தியோகம்.

"இன்னா சார், சலூன் வச்சிட்டீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனவர், தன் வீட்டு நிலைக்கண்ணாடியோடு திரும்பிவந்தார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பீரோக் கண்ணாடி, சவரக் கண்ணாடி, பைக்கில் கழற்றிய கண்ணாடி என்று தெருவே மாமாவின் கூடத்துக்கு வெயில் அனுப்பிக்கொண்டிருந்தது.

மாமா உள்ளேயிருந்து கூப்பிட்டார். கண்ணாடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். இலை நுனிகளில் முத்து முத்தாகக் குமிழிகள். ஒன்று கழன்று மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. நீர்மட்டத்தில் திசைக்கொன்றாகக் கிடந்த மீன்கள் மெல்ல இறங்கின, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன, ஒரே பக்கம் திரும்பின. மாமா கையிலிருந்த சொம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அதன்பின் வெயில் அடித்த நாளெல்லாம் எங்களுக்கு அதுதான் வேலை. ஒருநாள் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே கரண்ட் வந்தது. தெரு கைதட்டியது. அவரவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, மிக்சி ஓடுகிறதா என்று பார்க்கப் போனார்கள். உள்ளே ஃபில்டர் ஓடும் சத்தம் கேட்டது. நானும் எழுந்தேன்.

மாமா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார்.

"வெயிலு நல்லாத்தான இருக்குது. கொஞ்ச நேரம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். யாருக்கும் தேவைப்படாத அந்த வெயிலை, அத்தை சாப்பிடக் கூப்பிடும்வரை, நாங்கள் இருவரும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம்.