சுவெட்டர் அங்கிளின் இலையுதிர் காலம்

மலேசியாவில் இலையுதிர் காலம் உண்டு என்று நம்பி, அதற்காகக் கம்பளி சுவெட்டர் மாட்டிக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார். தஞ்சோங் கிளிங் பக்கம் வந்து 'சுவெட்டர் அங்கிள்' என்று கேளுங்கள், வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் மனைவி ஆன்ட்டியே கொஞ்சம் யோசிப்பார்.

சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில், காலண்டரில் சிவந்து நின்ற நியூசிலாந்து மரங்களைப் பார்த்து ஆன்ட்டி ஆசைப்பட, "இந்தச் செவப்ப நேர்லயே காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் மூன்று முறை காலாவதியானதே தவிர, விமானம் ஏறியபாடில்லை. கடைசியில் வாசலில் ஒரு கெத்தாப்பாங் கன்றை நட்டார். தமிழ்நாட்டில் வாதாமரம் என்பார்களே, அதுதான். வருஷத்துக்கு இரண்டு முறை, வெயில் காய்ந்தால் இலையெல்லாம் சிவந்து கொட்டும்.

இலை கொட்டும் வாரம் எங்களுக்குச் சோதனைதான். மரத்தடியில் இரண்டு நாற்காலி, ஃபிளாஸ்கில் காப்பி, அவர் உடம்பில் சுவெட்டர். இலையை யாரும் கூட்டக் கூடாது.

"அங்கிள், இலை அடைச்சு லோங்காங்ல சாக்கடத் தண்ணி போகமாட்டேங்குது."

"நியூசிலாந்து போறவன் லோங்காங்கையா பாக்குறான்? உக்காருலா, காப்பி குடி."

இந்தப் பிப்ரவரியில் ஆன்ட்டி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். மரம் நேரம் பார்த்துச் சிவந்தது. "சனிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க டாக்டர், மரம் காத்திருக்காது" என்று அங்கிள் மன்றாடியிருக்கிறார். அவரையும் சேர்த்து அட்மிட் பண்ணலாமா என்று டாக்டர் யோசித்தாராம்.

தாமான் செயலாளர் நான். "ஆன்ட்டி இலை மேல திரும்ப வழுக்கிட்டா?" என்று கிளப்பிவிட்டதும் நான்தான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கோத்தோங் ரோயோங், கூட்டாகத் துப்புரவு வேலை. தெருவே கூடி விளக்குமாற்றோடு இறங்கியது. இலை மறுபடி விழக் கூடாதென்று, கிளையில் மிச்சமிருந்ததையும் நீளக் கம்பால் நானே தட்டிவிட்டேன். குப்பை லாரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

எட்டரைக்கு அங்கிள் போன் செய்தார்.

"தம்பி, இலையெல்லாம் விழுந்திருச்சா?"

"ஒண்ணு பாக்கியில்ல அங்கிள்."

"நல்லது. பத்து நாளா செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. பேச்சே இல்ல. இதப் பாத்தாதான் அவளுக்குத் தெம்பு வரும்."

கடற்கரைக்கு ஓடினோம். அங்கே வரிசையாகக் கெத்தாப்பாங். நாலு அரிசிச் சாக்கு நிறைய சிவப்பு இலையாகப் பொறுக்கி வந்து, கூட்டிய இடத்திலேயே மறுபடி கொட்டிப் பரப்பினோம். கடைசிச் சாக்கை உதறும்போது கார் வந்துவிட்டது.

கொளுத்தும் வெயிலில் சுவெட்டரோடு இறங்கினார் அங்கிள். மொட்டை மரத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார்.

சக்கர நாற்காலியிலிருந்து ஆன்ட்டி ஓர் இலையை எடுத்துத் தரச் சொல்லித் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, இது நம்ம மரத்து இலை இல்லியே. மணலு ஒட்டியிருக்கு."

"வெளிநாட்டு இலைலா," என்றார் அங்கிள். "ஒனக்காக வரவழைச்சது."

ஆன்ட்டி பத்து நாளுக்குப் பிறகு சிரித்தார். அப்புறம் கையை நீட்டினார்.

"குளிருதுங்க. அந்த சுவெட்டரக் கழட்டிக் குடுங்க."

மரம் மறுபடி சிவக்கத் தொடங்கியிருக்கிறது. நேற்று பசாருக்குப் போய் நானும் ஒரு சுவெட்டர் வாங்கிவிட்டேன்.