மின்னல் கை

பாதி மீசை போய்விட்டது.

நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த மின்சாதனக் கடைக்காரருக்கு அது இன்னும் தெரியாது. சலூன்காரர் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விழித்தார். நரம்பு தானாகத் துள்ளியதில் கத்தி ஓடிவிட்டது.

எல்லாம் போன வாரம் கறுப்புச் சட்டையில் வந்த பெண்ணின் உபயம்.

"'பழுது' டிரம்மர் நீங்கதானே?"

இளவயதில் நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஊரைத் திட்டிக் கத்திய ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு அது. சில மாதம்தான் உயிரோடு இருந்தது. இதே மின்சாதனக் கடைக்காரர் பரிதாபப்பட்டு ஒரு கேசட் பதிந்து கொடுத்தார். அது வெளிவருவதற்குள் ஆளுக்கொரு திசை. சலூன்காரர் அதைக் கேட்டதுகூட இல்லை.

"அந்தக் கேசட் நகலுக்கு நகலாகி எங்கெங்கயோ போச்சு சார். அதைக் கேட்டுத்தான் நாங்கல்லாம் குழுவே ஆரம்பிச்சோம். உங்களுக்கு எங்க மத்தியில மின்னல் கைன்னு பேரு. உங்க வேகத்தைப் பிடிக்கப் போயி எங்க டிரம்மர் கையில கட்டோட திரியறான்."

அவர் காதில் இயர்போனை மாட்டிவிட்டாள். டிரம் சத்தம் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. பாடகன் கீச்சுக் குரலில் வெடித்தான். இப்போது காப்பீடு விற்கும் அவனுக்குப் பீப்பாய்க் குரல்.

"இவன் குரல் இப்படியா இருந்துச்சு?"

"வயசானா தடிச்சிடும் சார். ஞாயித்துக்கிழமை அதே இடத்துல வாசிங்க. மனுஷன் அடிச்சதே இல்ல, மெஷின்னு சிலர் பேசிக்கறாங்க."

மெஷினாம்! சுருக்கென்றது. அதைவிடக் குடைந்தது வேறொன்று: நானா அடித்தேன்? எப்படி?

தலையணையில் பழகினார். அது கிழிந்து வீடெல்லாம் பஞ்சு பறந்தது.

"இனிமே தலைக்கு எதை வெச்சுப் படுக்கறது? உங்க டிரம்மையா?" என்றாள் மனைவி.

கவிழ்த்த வாளிக்கு மாறினார். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "வீடு இடிக்கறீங்களா, கட்டறீங்களா? அதையாவது சொல்லிடுங்க" என்றார்.

சத்தம் வேண்டாமென்று சலூனில் வந்தவர்கள் தலையிலேயே சீப்பால் தட்டிப் பழகினார். வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியது. இறுக்கிக் கட்டினார், விரல் மரத்தது. அவிழ்த்தார், துள்ளத் தொடங்கியது. அந்தத் துள்ளலில்தான் மீசை போனது.

கடைக்காரர் கண் திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

"யோவ், எனக்கு ஒரு பக்க மீசை போதும்னு எப்பய்யா முடிவு பண்ணுன?"

"அண்ணே, மன்னிச்சிடுங்க. கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது." சலூன்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். "ஞாயித்துக்கிழமை மெதுவா அடிச்சா என்னைப் பொய்யன்னுதான் சொல்வாங்க. அந்த வயசுல முடிஞ்சது இப்ப ஏன் முடியல? ராத்திரி பகலா இதே யோசனைண்ணே."

கடைக்காரர் மிச்ச மீசையைத் தடவியபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பவும் உன்னால முடியலய்யா, நீங்க ஆடி அசைஞ்சுதான் வாசிச்சீங்க, என்கிட்ட இருந்தது சின்ன கேசட், எல்லாப் பாட்டும் அதுல அடங்கணுமேன்னு நான்தான் உங்க டேப்பை வேகமா ஓடவிட்டுப் பதிஞ்சேன்."