ஹெப்பகோடிக்கு எத்தனை கட்டில்?

அல்சூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஜாய்சனுக்கு, மாமா யூஜின் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அத்தையும் பரம சுகம். ஆஞ்சலாவும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்கச் செபிக்கிறோம்.

முன்னாள் ராணுவத்தாருக்கான முதியோர் இல்லத்துக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை வராவிட்டால் இல்லத்துக்கென்று ஒதுக்கிய ஹெப்பகோடி நிலத்தை டிரஸ்ட்காரர்கள் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். "சும்னே இழுக்காதீங்க சார்" என்று டிரஸ்ட் செயலாளர் போனில் கன்னடம் கலந்து கறாராகச் சொல்லிவிட்டார். விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டாளத்துச் சங்கக் கூட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, "யாருக்குப்பா உடம்பு முடியல? கை தூக்குங்க" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. நாற்பத்தொரு பேரும் எண்பதை ஒட்டியவர்கள், அதில் கோவிந்தன் வாசல்படி மூன்றை ஏறுவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்தவன், அவன்தான் முதலில் எழுந்து "ஃபிட் சார்!" என்று சல்யூட் அடித்தான், அடிக்கக் கையை எடுத்ததும் வாக்கர் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம், பிடிக்கப் போன ராஜேந்திரனும் கூடவே விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அவனும் "ஃபிட் சார்!" என்கிறான். தப்பு என்னுடையதுதான் மாப்பிள்ளை. ஹவில்தார் மேஜராக இருந்தபோது, இவர்களில் காய்ச்சல் என்று வந்தவனையெல்லாம் "நடிக்கிறியா?" என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவன் நான். ஐம்பது வருஷமாகியும் என் முன்னால் முடியவில்லை என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனாலும் எண்ணிக்கை இல்லாமல் கூட்டத்தைக் கலைப்பதில்லை என்று கேள்வியை மாற்றினேன். "சரி, பக்கத்துக் கட்டில்காரனைப் பாத்துக்க ஆள் வேணும். ராத்திரி பகல் அங்கேயே தங்கணும். இந்த டியூட்டிக்கு யார் ரெடி?" அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கோவிந்தன் தரையில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தூக்கினான், அவனை ஒன்றாகவே எண்ணினேன். ஆகவே நாற்பத்தொன்று என்று போடுங்கள். நோயாளி என்ற கட்டத்தில் மட்டும் யார் பெயரையும் எழுதிவிடாதீர்கள், ரோஷக்காரர்கள்.

ஆஞ்சலாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீரும் முத்தங்களும்.

இப்படிக்கு,
மாமா யூஜின்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை நோரா. மேலே உள்ளதும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். மாமா நேற்று குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. டாக்டரிடமும் "ஃபிட்" என்றுதான் சொன்னார். இப்போது தூங்குகிறார், அதனால் உண்மையை எழுதுகிறேன். எண்ணிக்கை அறுபத்தெட்டு. மாமா தன்னை எண்ணவில்லை. அவரோடு நாற்பத்திரண்டு. அதில் இருபத்தாறு பேருக்கு மனைவிமார் இருக்கிறோம், எங்களை யாருமே எண்ணவில்லை. இத்தனை வருஷமும் இவர்களைப் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். டியூட்டிக்குத்தான் நாற்பத்தொரு பேர் கை தூக்கிவிட்டார்களே. நாங்கள் படுக்க வருகிறோம்.