டிராயிங் மாஸ்டர் செய்த விளக்கு

"மறுபடியும் சாய்ஞ்சிருக்கு," என்றார் டிராயிங் மாஸ்டர்.

"நேராத்தாங்க நிக்குது," என்றார் பக்கத்து வீட்டுத் தச்சர். நூலில் குண்டைக் கட்டி விளக்குத் தண்டின் அருகே தொங்கவிட்டும் காட்டினார்.

மாஸ்டர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "உங்க நூலே சாய்ஞ்சிருக்கு. முப்பது வருஷமா கோடு போட்ட கண்ணுங்க இது!"

தச்சர் நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாஸ்டர் விடுவதாக இல்லை. ஐம்பது வயதில் வக்கீலுக்குப் படிக்கும் மனைவிக்கு நாளை மறுநாள் பரீட்சை. ஒரு வாரமாக எழுத்தெல்லாம் மங்கலாம்; வீட்டில் வெளிச்சம் போதவில்லையாம். அண்ணன் வீட்டில் போய்ப் படிக்கிறேன் என்று பையைக் கட்டிவிட்டாள். மச்சானிடம் போய் வெளிச்சத்துக்குக் கையேந்துவதா? "சாயங்காலம் வரைக்கும் பொறு," என்று சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்கியிருந்தார்.

பழைய வாணலியில் சிமெண்ட் கொட்டி அடிப்பாகம். அதில் நட்ட செம்புக் குழாய். மேலே கவிழ்த்த வடிதட்டு, வெளிப்புறம் சிவப்புப் பெயிண்ட். எல்லாம் அவரே வரைந்து, அவரே செய்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

சாய்வைச் சரிசெய்ய வாணலிக்கு அடியில் மரத்துண்டைச் செருகினார். இப்போது அவர் கண்ணுக்கு நேராக நின்ற விளக்கு, மெல்ல மேஜை ஓரத்துக்கு நகர்ந்தது. மறுபக்கம் செங்கல்லை முட்டுக்கொடுத்தார்.

"வந்து படிச்சுப் பாரு!"

மனைவி புத்தகத்தை விரித்தாள். "மங்கலாத்தான் இருக்குங்க."

இன்னொரு பல்பு போட்டார்.

"இன்னும் மங்கல்."

மூன்றாவது பல்பும் ஏறியது. தலைக்கனம் தாங்காமல் விளக்கு குப்புற விழப் பார்த்தது. பாய்ந்து பிடித்து, கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார். வியர்த்துக் கொட்டியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது அதன் காதோரம் ஒரு சிவப்புப் புள்ளி. பெயிண்ட் தெறித்திருக்கிறது என்று சுரண்டினார். போகவில்லை. நல்ல பெயிண்ட்தான் வாங்கியிருக்கிறோம் என்று அந்தக் கஷ்டத்திலும் ஒரு சந்தோஷம்.

"இப்ப எப்படி?"

"முகம் வேகுதுங்க. எழுத்து மட்டும் தெரியல. நான் அண்ணன் வீட்டுக்கே போறேன்."

"இன்னும் ஒரே ஒரு பல்பு! உன்னை இந்த விளக்குலதான் பாஸ் பண்ண வைப்பேன்!"

நான்காவது பல்பையும் கையில் எடுத்தார். கையில் பையுடன் மனைவி தயங்கி நின்றாள்.

அப்போது வேலை முடிந்து வீட்டுக்குள் வந்த மகள், கயிற்றில் தொங்கிய விளக்கைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி வாங்கிட்டு வந்தப்பவே, மாறிடக் கூடாதுன்னு அம்மாவோடதுல நெயில் பாலிஷ்ல பொட்டு வெச்சேனே, அதை ஏம்ப்பா நீங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?"