போட்டிருப்பதே தெரியாத பை

“இதுல ராத்திரிச் சாப்பாடு எது?” என்று கேட்டாள் மனைவி.

சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி, விசில், நைலான் கயிறு, கட்டுத்துணி, களிம்பு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளித்தாள் போர்வை என்று கடை விரித்திருந்தார் கிளெய்ம் அதிகாரி.

“எல்லாம் ஆபத்து அவசரத்துக்கு. இனிமே நான் எங்க போனாலும் இது என்கூட வரும்.”

“சரி, வாய் அகலமா ஒரு காலி பாட்டில் இருக்கே, இது எதுக்கு?”

“அதைக் கேக்காதே.”

மனைவி கேட்கவில்லை. பாட்டிலை மட்டும் ஒரு விரலால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

அதிகாரிக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஆறாவது மாடி. விபத்து நடந்துவிட்டது, பணம் கொடுங்கள் என்று கேட்டு வருகிற மனுக்களைப் படித்து, விபத்துக்கு யார் காரணம் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். அதில் அவர் புலி. முக்கால்வாசிப் பேர் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. ‘காரணம்: மனுதாரரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளில் அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிற மாதிரி சந்தோஷமாக இருப்பார்.

அப்படிப்பட்டவரைப் போன மாதம் அலுவலக லிஃப்ட் தனியாக வைத்துக்கொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. பொத்தான்கள் இருக்கிற மூலையில் சாய்ந்து நிற்பது அவர் வழக்கம். தோளில் சாப்பாட்டுப் பையோடு அன்றும் அப்படித்தான் நின்றிருந்தார். லிஃப்ட் நின்றதும் அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து, “கதவு! கதவு!” என்று அலறினார். அது எல்லா மாடிக்கும் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் வந்து திறந்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி அவரைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கி, தெருவுக்கே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கதவு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் மகள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வரவேற்பில் இருந்த பெண் பழக்க தோஷத்தில், “யாரு, கதவு சாரா? ஒரு நிமிஷம் இரும்மா” என்றுவிட்டாள்.

“அப்பா, உங்களை ஏன் கதவுன்னு சொல்றாங்க?” என்று சாயங்காலம் மகள் கேட்டாள்.

அதிகாரி குளிக்கப் போய்விட்டார். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.

குழாயடியில் நின்று யோசித்தார். அந்தப் பெயர் போக ஒரே வழிதான் தெரிந்தது. லிஃப்ட் மறுபடியும் நிற்க வேண்டும். நாலு பேர் உள்ளே இருக்க வேண்டும். அவர் அலறாமல், நிதானமாகப் பையைத் திறந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டும். அதற்குத் தோதாக ஒரு பை அமைகிற வரைக்கும் லிஃப்டில் கால் வைப்பதில்லை. படிதான்.

முதலில் எல்லாவற்றையும் பழைய தோள்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். நாலாவது மாடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆறாவது மாடியில் சாய்ந்த சாய்வு நிமிரவில்லை.

“என்ன கதவு சார், கீல் கழண்டுடுச்சா?” என்று விசாரித்தார் பக்கத்து மேஜை குமாஸ்தா. பெயர் வைத்ததே அவர்தான்.

தோள்தானே வலிக்கிறது என்று, இரண்டு இடுப்புப் பைகள் வாங்கி பைக்குப் பாதியாகச் சாமான்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டார். தோள் பிழைத்தது. நாற்காலியில் சிரமப்பட்டு இறங்கி உட்கார்ந்தார். மேனேஜர் கூப்பிட்டபோது எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்தேதான் மேனேஜர் அறை வரைக்கும் போனார்கள்.

அடுத்தது உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு மேல்சட்டை. வலி இல்லை, இடிக்கவும் இல்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதானா பிளம்பர்? எவ்வளவு நேரம்ப்பா காத்திருக்கிறது? கழிவறைக் குழாய் கொட்டுது பாரு.”

“சார், நான் இங்க அதிகாரி.”

“யாரா இருந்தா என்ன? முதல்ல குழாயை அடை.”

தண்ணீர் வரவேற்பறைக்கே வந்துகொண்டிருந்ததால், அதிகாரிதான் அடைத்தார். கட்டுத்துணியும் நைலான் கயிறும் அதற்கே சரியாகப் போயிற்று. ‘கதவு சார் குழாயும் பாக்கறாரு’ என்று குமாஸ்தா மாடி மாடியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாக ஒரு பைக் கடைக்குப் போனார்.

“மலையேறப் போறீங்களா சார்?” என்றார் கடைக்காரர்.

“இல்ல, ஆபீஸுக்கு.”

“எத்தனாவது மாடி?”

“ஆறு. படியில.”

“அப்ப மலைதான்” என்று சொல்லி, உச்சியிலிருந்து ஒரு முதுகுப் பையை இறக்கினார் கடைக்காரர். மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றி இன்னொன்று. அதிகாரியின் முதுகில் மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கினார். “வெயிட்டு தோள்ல நிக்காது சார், இடுப்புல போய் உட்கார்ந்துக்கும். ரெண்டு நாள் பழகிட்டா போட்டிருக்கிறதே தெரியாது. போன வாரம் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. பையைக் காணோம்னு கம்ப்ளெயின்ட் பண்ணத் திரும்பி வந்தாரு. முதுகுலதான் இருந்துச்சு.”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு சுகமான பையை அதிகாரி பார்த்ததில்லை. ஆறு மாடியும் பூ மாதிரி ஏறினார். அலுவலகத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினார். பின்னால் ஒரு தேநீர்க் கோப்பை விழுந்தது. கீழே குனிந்து பார்த்தார். மேனேஜரின் பூந்தொட்டி விழுந்தது. யார் தட்டிவிட்டார்கள் என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து தேடினார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மகள், “அப்பா, பை” என்றாள்.

“எந்தப் பை?”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்களுக்குப் பை அமைஞ்சிடுச்சுங்க” என்றாள்.

மறுநாள் காலை அதிகாரி லிஃப்ட் வாசலில் போய் நின்றார். மேனேஜர், வரவேற்புப் பெண், குமாஸ்தா மூவரும் அங்கே இருந்தார்கள்.

“படி அந்தப் பக்கம்” என்றார் குமாஸ்தா.

“தெரியும்” என்று சொல்லிவிட்டு அதிகாரி முதலில் உள்ளே போய், தன் பழைய மூலையில் நின்றுகொண்டார். மற்றவர்கள் இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். வரவேற்புப் பெண் அவர் முழங்கைக்கு அடியில் கையை விட்டு ஆறாம் எண்ணை அமுக்கினாள். கதவு மூடியது. லிஃப்ட் ஏற ஏற எல்லோரும் இன்னும் கொஞ்சம் பின்னால் நெருக்கினார்கள்.

மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றது.

மூன்று பேரும் அதிகாரியைத்தான் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“யாரும் பயப்படாதீங்க. என்கிட்ட பை இருக்கு.”

“அபாய மணியை அடிங்க முதல்ல” என்றார் மேனேஜர்.

“அது எங்க இருக்கு சார்?”

“பைக்குப் பின்னாடி.”

அதிகாரி திரும்ப முயன்றார். திரும்ப முடியவில்லை. பையைக் கழற்ற மார்புப் பட்டையைத் தேடினார். அதன்மேல் குமாஸ்தாவின் தலை இருந்தது. குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் வியர்த்து, மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது.

“சார், காத்து போயிடுமா சார்?”

“போகாது. மூச்சை மெதுவா இழு. மெதுவா விடு. என் கையைப் பிடிச்சுக்க.”

“இவருக்குத் தண்ணி கொடுக்கலாம்” என்று மேனேஜர் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்குள் கையை நுழைத்து ஒரு பாட்டிலை உருவினார். வாய் அகலமான காலி பாட்டில். “இது எதுக்கு சார்?”

“அதைக் கேக்காதீங்க சார்.”

பையின் தோள் வாரில் தொங்கிய விசில் மட்டும் வாய்க்கு எட்டியது. அதிகாரி அலறவில்லை; விட்டு விட்டு, சீராக ஊதினார். கீழே காவலாளிக்கு அது கேட்டது. அவர் போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். போன மாதம் வந்த அதே மெக்கானிக். கதவை நெம்பித் திறந்து ஒவ்வொருவராக நாலாவது மாடியில் ஏற்றிவிட்டு, கடைசியாக அதிகாரியைப் பையோடு பிடித்து இழுத்தார். பிறகு உள்ளே இறங்கி எதையோ பார்க்கப் போனார்.

நாலாவது மாடியில் கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் அதிகாரியின் கையைக் குலுக்கினார். குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே எவனாவது இவரைக் கதவுன்னு சொல்லட்டும், நான் கேக்கறேன்” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

வரவேற்புப் பெண் தன் போனை எடுத்து அதிகாரியின் வீட்டுக்கே போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது.

“உங்க அப்பாதாம்மா எங்க எல்லாரையும் காப்பாத்தினாரு.”

“அப்பாவா? நிஜமாவா?”

அதிகாரி போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. பை இருப்பதே தெரியவில்லை.

“எல்லாரும் இருக்கும்போதே சொல்லுப்பா, லிஃப்ட்ல என்ன கோளாறு?” என்றார் மேனேஜர், உள்ளேயிருந்து ஏறி வந்த மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “லிஃப்ட்ல கோளாறே இல்ல சார். அந்த மூலையில, லிஃப்ட்டை நிறுத்தறதுக்குன்னு ஒரு சிவப்பு பட்டன் இருக்கு; போன மாசம் இவர் சாப்பாட்டுப் பையை வெச்சு அதை அமுக்கிட்டாரு, சொல்லலாம்னு பார்த்தா ஓடிட்டாரு, இன்னிக்கு இந்தப் பையை வெச்சு அமுக்கியிருக்காரு.”