மெஸ்காரரும் என் இடது காதும்

என் இடது காதை இந்த உலகத்தில் அதிக நேரம் பார்த்தவர் செங்கம் ரோட்டு மெஸ்காரர்தான். என் மனைவிகூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் தனிக்கட்டையாக இருந்த எனக்கு மூன்று வேளையும் அவர் மெஸ்தான். மெஸ்காரருக்கு அறுபது தாண்டியிருந்தது. வயதானால் சிலருக்கு வருகிற கண் கோளாறு அவருக்கும் வந்திருந்தது. நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். அதனால் நம் முகத்தைப் பார்க்க அவர் நம் காதுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் எகிறினார். "நான் இங்க உக்காந்திருக்கேன், செவுத்தாண்ட இன்னா கேக்கற?"

"உங்களப் பாக்கறதுக்குத்தாங்க செவுத்தப் பாக்கறேன்" என்றார் மெஸ்காரர் பணிவாக. போலீஸ்காரர் சுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கும் அவர் அசரவில்லை. "கூட்டு, பொரியல், ஊறுகா எல்லாம் இலை ஓரத்துலதான சார் இருக்குது? நடுவுல சோறு. சோத்தப் போயி எதுக்குப் பாக்கணும்?"

அவர் மனைவிக்கு இந்தத் தத்துவம் பிடிக்கவில்லை. "யார் மேலயாச்சும் ஒரு சொட்டு ரசம் பட்டுச்சு, அன்னிக்கே கரண்டியக் குடுத்துட்டு கல்லாவுல போய் உக்காந்துக்கணும்" என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். மெஸ்காரர் முகம் சுண்டிப்போனது. பரிமாறுவதை நிறுத்தினால் மனிதர் படுத்துவிடுவார் என்று எங்களுக்குத் தெரியும்.

வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் ரகசியமாகக் கூடிப் பேசினோம். கரண்டி எங்கே வருகிறதோ அங்கே இலையை நகர்த்திவிடுவது என்று முடிவானது. ஆனால் நாங்கள் உதவ உதவ மேஜையெல்லாம் ரசம் ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் ரசம் கொதிக்கக் கொதிக்க என் மணிக்கட்டிலேயே விழுந்தது. "ஆ!" என்று அலறிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா சத்தம்?"

"ஆஹா, ரசம்னா இதான் ரசம்க்கா!" என்றேன், கண்ணில் நீர் முட்ட.

அந்த அம்மாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மெஸ்காரர் குனிந்து கிசுகிசுத்தார். "இலைய நவுத்தாதீங்க சார். ஓரமா பாத்து, குறி வெச்சுதான் ஊத்தறேன். நீங்க நவுத்துனா அது நடுவுல போயி காணாமப் பூடுது."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாங்க?"

"எல்லாரும் ஆசையா நவுத்தறீங்க. எப்பிடி சார் சொல்றது?"

மறுநாள் முதல் ஒரு இலையும் அசையவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை கரண்டி அவர் கையில்தான் இருந்தது.

இப்போதும் பந்தியில் யாராவது என்னை நேருக்கு நேர் பார்த்து, "ரசம் விடவா?" என்று கேட்டால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. என்னை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.